பிராந்திய விமானமா, பெரிய நிறுவனமா? பெங்களூருவில் இளம் விமானிகள் போடும் கணக்கு

பெங்களூரு: தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா சர்வதேச விமான நிலையத்தின் இரண்டு ஓடுபாதைகளையும் முற்றிலும் வேறுபட்ட இரு வகை விமானிகள் பகிர்ந்துகொள்கின்றனர். ஒரு வகையினர் 50 இருக்கைகள் கொண்ட எம்ப்ரேயர் விமானத்தில் பெலகாவிக்குப் புறப்பட்டு, சுமார் ஒரு மணி நேரத்தில் தரையிறங்கி, பயணிகள் ஏறி இறங்கியதும் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுபவர்கள். மற்றொரு வகையினர் கண்டம் விட்டுக் கண்டம் பறப்பவர்கள். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து வட துருவப் பகுதி வழியாக, பெண் விமானிகள் மட்டுமே இயக்கிய ஏர் இந்தியா விமானம் வந்திறங்கியதும் இதே நிலையத்தில்தான்.

வணிக விமானி உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடும் இளைஞருக்கு, இவற்றில் முதலாவது படிக்கட்டு, இரண்டாவது மாடி என்று தோன்றுவது இயல்பு. சிறிய நிறுவனத்தில் தொடங்கி, அனுபவம் சேர்த்து, பெரிய நிறுவனத்துக்குச் செல்லலாம் என்பதே பொதுவான எண்ணம். அமெரிக்காவில் அது பெருமளவு உண்மை. இந்தியாவில் அந்தப் படிக்கட்டு அப்படிக் கட்டப்படவில்லை. பல குடும்பங்கள் இந்த வேறுபாட்டைக் கடன் வாங்கிய பிறகே அறிகின்றன.

அமெரிக்க ஏணியும் இந்திய வாசலும்

அமெரிக்காவில் ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வாய் போன்ற பிராந்திய நிறுவனங்கள், டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகிய பெரிய நிறுவனங்களின் பெயரையும் வண்ணத்தையும் தாங்கியே சிறு நகரங்களுக்குப் பறக்கின்றன. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் உயிரிழந்தனர். அந்த விசாரணையில் பிராந்திய விமானிகளின் சோர்வு, மிகக் குறைந்த ஊதியம், பயிற்சிக் குறைபாடு ஆகியவை வெளிச்சத்துக்கு வந்தன. அதன் தொடர்ச்சியாக இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2013 முதல் அங்கு பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமர்வதற்கே பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். எனவே புதியவர்கள் பயிற்றுநராகவோ வேறு வகையிலோ மணிகளைச் சேர்த்து, பிராந்திய நிறுவனத்தில் நுழைந்து, அங்கிருந்து பெரிய நிறுவனத்துக்கு ஏறுகின்றனர். சில நிறுவனங்களில் இந்த ஏற்றம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்குத் தேவை 200 மணி நேரம். டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்தின் தேர்வுகளிலும் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையிலும் தேறி, குறிப்பிட்ட விமான வகைக்கான டைப் ரேட்டிங் எனும் தகுதியையும் பெற்றுவிட்டால், அந்த 200 மணி நேரக்காரரே ஏர்பஸ் ஏ320 விமானத்தின் வலது இருக்கையில் அமரலாம். பெரிய நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே பயிற்சித் திட்டங்களை நடத்தி, பள்ளிப்படிப்பு முடித்தவர்களை நேரடியாகச் சேர்த்துக்கொள்கின்றன. அதாவது மாடிக்குச் செல்ல வெளியிலிருந்தே ஒரு வாசல் திறந்திருக்கிறது. படிக்கட்டில் ஏற வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

அப்படியானால் பிராந்திய நிறுவனத்தில் ஒருவர் ஏன் சேர வேண்டும்? மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன: வேலை இப்போதே கிடைக்கிறது, கேப்டன் ஆகும் நாள் விரைவில் வரலாம், இரவில் வீட்டில் உறங்கலாம். மூன்றிலும் உண்மை உண்டு, மூன்றுக்கும் நிபந்தனையும் உண்டு.

கடன் காத்திருப்பதில்லை

2023இல் டிஜிசிஏ 1,622 வணிக விமானி உரிமங்களை வழங்கியது. அதற்கு முந்தைய ஆண்டின் எண்ணிக்கை 1,165. அடுத்த 15 முதல் 20 ஆண்டுகளில் நாட்டுக்கு 30,000 விமானிகள் தேவைப்படுவர் என்று மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம்மோகன் நாயுடு கூறியிருந்தார். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், உரிமம் பெற்ற மறுநாளே வேலை கிடைக்கும் என்று எண்ணக்கூடும். நடைமுறையில் உரிமத்துக்கும் முதல் ஊதியத்துக்கும் இடையே மாதக்கணக்கிலும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் இடைவெளி விழுகிறது. காரணம், நிறுவனங்கள் தேடுவது பெரும்பாலும் இடது இருக்கைக்குரிய கேப்டன்களை. பயிற்சிப் பள்ளிகள் உருவாக்குவதோ வலது இருக்கைக்குரிய துணை விமானிகளை. விமானிகள் பற்றாக்குறை என்று செய்திகளில் படிக்கும்போதெல்லாம் 'எந்த இருக்கையில்' என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கு சொல் குறித்து ஒரு சிறு விளக்கம். துணை விமானியின் பதவிப் பெயர் 'ஃபர்ஸ்ட் ஆபீசர்'. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'முதல் அதிகாரி' ஆகிவிடும். விமானி அறையில் அவர் இரண்டாமவர். அந்த 'முதல்' என்ற சொல்லை மட்டும் நம்பிப் பெண் பார்க்க வந்தவர்களும் உண்டு என்று இத்துறையினர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

காத்திருப்பின் விலை என்ன? உரிமப் பயிற்சிக்கும் டைப் ரேட்டிங்குக்கும் சேர்த்து ஆகும் செலவு, பள்ளியையும் நாட்டையும் பொறுத்துப் பல லட்சங்களில் தொடங்கி ஒரு கோடி ரூபாயையும் எட்டுகிறது. ஒரு குடும்பம் 60 லட்சம் ரூபாயை 11 சதவீத வட்டியில் 10 ஆண்டுக் கடனாகப் பெற்றிருப்பதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை மட்டும் ஏறத்தாழ 82,600 ரூபாய். வேலை இல்லாத ஒவ்வோர் ஆண்டும் சுமார் 10 லட்சம் ரூபாய் வேறு வழியில் திரட்டப்பட வேண்டும். இதற்கிடையே மருத்துவச் சான்றும், மேகமூட்டத்திலும் கருவிகளைக் கொண்டு பறப்பதற்கான தகுதியும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கும் செலவுண்டு. இத்தகைய நிலையில், பெரிய நிறுவனத்தின் அழைப்புக்காக ஈராண்டு காத்திருப்பதைவிட, இன்று கிடைக்கும் ஏடிஆர் விமானத்தின் வலது இருக்கை மேலானது என்ற முடிவில் தவறு காண்பதற்கில்லை.

மணிகளும் தரையிறக்கங்களும்

விமானியின் சொத்து அவரது பறப்புப் பதிவேடு. அதில் துணை விமானியாகப் பறந்த மணிகள் ஒரு பத்தியிலும், பொறுப்பு விமானியாகப் பறந்த மணிகள் மற்றொரு பத்தியிலும் எழுதப்படுகின்றன. கேப்டன் ஆவதற்குரிய போக்குவரத்து விமானி உரிமத்துக்கு மொத்தம் 1,500 மணி நேரம் தேவை. அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஆண்டுக்கு அதிகபட்சம் 1,000 மணி நேரமே பறக்கலாம் என்பது சட்ட வரம்பு. ஆண்டுக்கு 700 மணி என்று கொண்டாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் 1,500ஐ எட்டிவிடலாம். ஆனால் தகுதி பெறுவது வேறு, இடது இருக்கை காலியாவது வேறு. நிறுவனத்தில் தமக்கு முன்னால் மூப்பு வரிசையில் எத்தனை பேர் நிற்கின்றனர், புதிய விமானங்கள் எத்தனை வருகின்றன என்பதே நாளை நிர்ணயிக்கிறது.

சிறிய நிறுவனம் வளர்ந்துகொண்டிருந்தால் அந்த வரிசை குறுகியது. பெரிய நிறுவனத்தில் வரிசை நீளம். ஆனால் அது நகரும் வேகமும் அதிகம். ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கும், இண்டிகோ அதே ஆண்டு ஜூனில் ஒரே தவணையில் 500 ஏர்பஸ் விமானங்களுக்கும் ஆணை வழங்கின. ஒற்றை நடைபாதை கொண்ட ஒரு விமானத்தை இடைவிடாமல் இயக்கப் பத்துக்கும் மேற்பட்ட விமானிகள் தேவை. அவர்களில் பாதிப்பேர் கேப்டன்கள். ஆகவே, சிறிய நிறுவனத்தில் விரைவில் கேப்டன் ஆகலாம் என்ற பழைய வாக்கு, பெரிய நிறுவனங்கள் இப்படி விரிவடையும் காலத்தில் முன்பு போல் உறுதியானதல்ல. நான்கு விமானங்களுடன் தொடங்கி நான்கு விமானங்களுடனேயே நின்றுவிட்ட ஒரு நிறுவனத்தில், முன்னால் இருக்கும் கேப்டன் 65 வயதில் ஓய்வு பெறும்வரை துணை விமானி காத்திருக்க நேரிடும்.

பதிவேட்டில் எளிதில் தென்படாத மற்றொரு கணக்கு தரையிறக்கங்கள். ஒரு மணி நேரப் பயணங்களாக 700 மணி பறந்தால் 700 தரையிறக்கங்கள்; இருவரும் மாறி மாறிச் செய்தால் ஒருவருக்கு 350. சான் பிரான்சிஸ்கோ போன்ற 17 மணி நேரப் பயணங்களாக அதே 700 மணியைக் கணக்கிட்டால், பயணங்கள் 41 மட்டுமே. அதிலும் நான்கு விமானிகள் பணியைப் பகிர்ந்துகொள்வதால், ஒருவர் தம் கையால் தரையிறக்குவது ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முறைதான். 90 நாட்களில் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்ற விதியை நிறைவேற்ற, நெடுந்தூர விமானிகள் சிலர் சிமுலேட்டருக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. பிராந்திய விமானிக்கு அந்தக் கவலை ஒருபோதும் இல்லை.

ஏடிஆர் விமானம் அதிகபட்சம் 25,000 அடி உயரத்தில்தான் பறக்கும். பெரிய ஜெட் விமானங்கள் மேலே ஏறிக் கடந்துவிடும் பருவமழை மேகங்களுக்கிடையே இது வளைந்து வளைந்து வழி தேட வேண்டும். வேகத்துக்கேற்ப விசையைத் தானே சரிசெய்யும் கருவி அதில் இல்லை; கையால் செய்ய வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய சிறிய ஓடுபாதைகள், குறைந்த வழிகாட்டுக் கருவிகள், ஒரு நாளில் நான்கைந்து முறை ஏற்ற இறக்கம். சோர்வு தரும் பணி இது. கையையும் கண்ணையும் கூர்மையாக்கும் பணியும் இதுவே. ஊதியப் பட்டியலில் வராத இந்தப் பயனைப் பெரிய நிறுவனத்தை மட்டுமே கனவு காண்பவர்கள் குறைத்து மதிப்பிடுகின்றனர் என்றே தோன்றுகிறது.

பெங்களூரு கண்ட மறைவுகள்

பிராந்திய விமான சேவையின் வரலாற்றில் பெங்களூருவுக்குத் தனி இடமுண்டு. கேப்டன் ஜி.ஆர்.கோபிநாத் 2003 ஆகஸ்டில் ஏடிஆர் விமானங்களுடன் ஏர் டெக்கான் சேவையைத் தொடங்கியது இங்கிருந்துதான். அவரது வாழ்க்கையைத் தழுவி உருவான 'சூரரைப் போற்று' திரைப்படத்தின் வழியாகத் தமிழ் ரசிகர்கள் அக்கதையை அறிவர். திரைப்படம் நிற்கும் இடத்துக்குப் பின்னரும் கதை தொடர்ந்தது. ஏர் டெக்கான், பெங்களூருவின் மற்றொரு நிறுவனமான கிங்ஃபிஷருடன் இணைந்தது. கிங்ஃபிஷரின் உரிமம் 2012 அக்டோபரில் நிறுத்திவைக்கப்பட்டபோது, அதன் ஊழியர்கள் பல மாத ஊதியத்தை எதிர்நோக்கி நின்றனர்.

2015 ஏப்ரலில் ஏர் பெகாசஸ் என்ற புதிய நிறுவனம் பெங்களூருவில் இருந்து ஹுப்பள்ளிக்கு ஏடிஆர் விமானத்தைப் பறக்கவிட்டது. 2016 ஜூலையில் நிதி நெருக்கடியால் அதன் சேவை நின்றது. பதினைந்து மாதங்களே நீடித்த நிறுவனத்தில் சேர்ந்த ஒரு துணை விமானியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்: கேப்டன் ஆகும் அளவுக்கு மணிகள் சேரவில்லை; கடன் தவணை மட்டும் நிற்கவில்லை.

தென்னிந்தியாவில் இது தனித்த நிகழ்வன்று. மதுரையைச் சேர்ந்த தொழில்முனைவோர் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005இல் சென்னையை மையமாகக் கொண்டு எம்ப்ரேயர் விமானங்களை இயக்கியது, 2010இல் நின்றது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2013இல் தொடங்கி 2017இல் நின்றது. ஹைதராபாத்தின் ட்ரூஜெட் 2015 முதல் 2022 வரை பறந்தது. சென்னை-சேலம் விமானத்தை இயக்கியதும் ட்ரூஜெட்தான். அது விலகிய பின் விமானமின்றிக் கிடந்த சேலத்துக்கு, 2023 அக்டோபரில்தான் அலையன்ஸ் ஏர், இண்டிகோ சேவைகள் வந்தன. இரண்டும் பெங்களூருவைத் தொட்டுச் செல்பவை.

இதனால் பெரியவை பாதுகாப்பானவை என்ற முடிவுக்கு வந்துவிட முடியாது. 2019 ஏப்ரல் 17 அன்று நின்றுபோன ஜெட் ஏர்வேஸ் சிறிய நிறுவனம் அல்ல. 2023 மே மாதம் திவால் நடைமுறைக்குச் சென்ற கோ ஃபர்ஸ்டும் அல்ல. விழுந்த பிறகு கையில் எஞ்சுவது எது என்பதில்தான் வேறுபாடு. ஏ320 அல்லது போயிங் 737 தகுதி கொண்ட கேப்டன், உள்நாட்டிலும் வளைகுடா நாடுகளிலும் கதவைத் தட்டலாம். ஏடிஆர் தகுதிக்கும் இந்தியாவில் சந்தை உண்டு. எம்ப்ரேயர் தகுதியின் நிலை சற்று வேறு. நாட்டின் வழக்கமான பயணியர் சேவையில் இன்று அவ்வகை விமானங்களை இயக்குவது பெங்களூருவைத் தளமாகக் கொண்ட ஸ்டார் ஏர் மட்டுமே. அந்நிறுவனம் 2019 ஜனவரியில் 50 இருக்கை விமானங்களுடன் தொடங்கி, 2023இல் 76 இருக்கை கொண்ட இ175 விமானங்களையும் சேர்த்து, மேற்சொன்ன பலரையும் விட நீண்ட காலம் நிலைத்து வளர்ந்திருக்கிறது. ஆனால் அங்கு பெற்ற டைப் ரேட்டிங்கை உள்நாட்டில் வேறெங்கும் எளிதில் பயன்படுத்த இயலாது என்பதைச் சேர்பவர் அறிந்திருக்க வேண்டும். வேறு வகைக்கு மாற, வகுப்பு, சிமுலேட்டர், கண்காணிப்புப் பறப்பு என மீண்டும் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். புதிய நிறுவனத்தின் மூப்பு வரிசையில் பெரும்பாலும் கடைசியில் நிற்க வேண்டும்.

உடானின் மூன்று ஆண்டுகள்

பிராந்திய நிறுவனங்களின் ஆயுள், அவை பறக்கும் வழித்தடங்களின் ஆயுளோடு பிணைந்தது. சிறு நகரங்களை இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டம் 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் சிம்லா-டெல்லி இடையே முதல் விமானம் பறந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்ற அளவில் குறிப்பிட்ட இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு விதித்து, அதனால் ஏற்படும் இழப்பை மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஈடுசெய்யும் என்பதே திட்டத்தின் அடிப்படை.

இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை அதன் பலனை எண்களால் காட்டியது. ஆய்வுக் காலத்தில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை. தொடங்கப்பட்ட 371இல், மூன்று ஆண்டுச் சலுகைக் காலத்தை நிறைவு செய்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54. நேர்காணலுக்குச் செல்லும் இளம் விமானி ஒருவர் நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டுக்கு முன் படிக்க வேண்டியது இந்த எண்களைத்தான்.

கர்நாடகத்தின் பீதர் நகரம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2020 பிப்ரவரியில் ட்ரூஜெட் விமானத்துடன் அந்த விமான நிலையம் திறக்கப்பட்டது. ட்ரூஜெட் போனபின் ஸ்டார் ஏர் வந்தது. 2023 இறுதியில் அதுவும் நின்றது. 2025 ஏப்ரலில் மீண்டும் தொடங்கியது. ஒரு வழித்தடம் நிற்கும்போது பயணிகள் ரயிலுக்கும் பேருந்துக்கும் திரும்பிவிடுகின்றனர். விமானிக்கு மாதாந்திரப் பறப்பு மணிகள் குறைகின்றன. மணிகள் குறைந்தால் ஊதியமும் குறைகிறது.

ஊதியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை இங்கு விளக்குவது அவசியம். இந்திய நிறுவனங்கள் பலவற்றில், குறிப்பிட்ட மணிகளுக்கு உறுதியளிக்கப்பட்ட தொகை, அதற்கு மேல் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் தனித் தொகை என்ற முறை நிலவுகிறது. ஆகவே மாத ஊதியம் எவ்வளவு என்பதைவிட, எத்தனை மணிகளுக்கு உறுதி என்பதே சரியான கேள்வி. பெரிய நிறுவனத்திலும் இது மாறக்கூடும். ஏர் இந்தியாவுடனான இணைப்பையொட்டி விஸ்தாரா 2024இல் கொண்டுவந்த புதிய முறையில், உறுதியளிக்கப்பட்ட மணிகள் 70இலிருந்து 40ஆகக் குறைந்தன. விமானிகளிடையே எழுந்த அதிருப்தியாலும் பணியாளர் பற்றாக்குறையாலும் அந்த ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அதன் சேவைகள் பல ரத்தாயின.

இரவு உறக்கம்

சிறிய விமான நிலையங்கள் பலவற்றில் இரவில் தரையிறங்கும் வசதி இல்லை. பிராந்திய விமானிகளின் பணி பெரும்பாலும் பகலில் அமைவதற்கு இது முக்கியக் காரணம். தேவனஹள்ளி நகர மையத்தில் இருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால், காலை ஆறு மணி விமானத்துக்கு மூன்று மணிக்கே வாகனம் வீட்டு வாசலில் நிற்கும் என்பது வேறு விஷயம். இருப்பினும், நள்ளிரவில் புறப்பட்டு விடியலில் வேறொரு நகரில் இறங்கும் வாழ்க்கைக்கு இது மாறானது. சிறு குழந்தைகள் உள்ள விமானிகளுக்கு ஊதிய வேறுபாட்டை ஈடுகட்டும் அளவுக்கு இது பெரிதாகவும் அமையலாம்.

பெரிய நிறுவனங்களில் இரவுப் பணி எவ்வளவு சிக்கலானது என்பதை 2025 டிசம்பரில் நாடே கண்டது. விமானிகளின் பணி நேரம் குறித்த புதிய விதிகள், வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின. இரவுப் பணியில் அனுமதிக்கப்பட்ட தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தன. அவற்றின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்பப் பணியாளர்களைத் திட்டமிடாத இண்டிகோவின் விமானங்கள் டிசம்பர் முதல் வாரத்தில் பெருமளவில் ரத்தாயின; டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேல். பெங்களூருவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இரவுப் பணி விதிகளில் அந்நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. பயணிகளின் அவதியே அப்போது செய்தியானது. விதிகள் எதற்காக வந்தன என்பது, அதாவது சோர்ந்த விமானி ஆபத்தானவர் என்பது, அந்த இரைச்சலில் மறைந்துபோனது.

மாறுவது எளிதல்ல

'இப்போது சிறியதில் சேர்வோம், பின்னர் மாறிக்கொள்வோம்' என்று எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்றுண்டு. 2017 ஆகஸ்டில் டிஜிசிஏ திருத்திய விதியின்படி, பணியை விட்டு விலக விரும்பும் துணை விமானி ஆறு மாதங்களுக்கும், கேப்டன் ஓராண்டுக்கும் முன்னரே அறிவிக்க வேண்டும். விமானிகள் அமைப்புகள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடின. இதற்கு மேல் பயிற்சிச் செலவுக்காக நிறுவனங்கள் எழுதி வாங்கும் பத்திரங்களும் உண்டு. கேப்டனாக உயர்ந்தவுடன் சந்தை மதிப்பு கூடுகிறது. அதே நாளில் அறிவிப்புக் காலமும் இரு மடங்காகிறது.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆகாசா ஏர் விவகாரம் சான்று. 2022 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கிய அந்நிறுவனத்திலிருந்து, ஓராண்டு கழித்து 43 விமானிகள் அறிவிப்புக் காலத்தை நிறைவு செய்யாமல் விலகினர். விமானங்கள் ரத்தாயின. நிறுவனம் விமானிகளுக்கு எதிராக மும்பை உயர் நீதிமன்றத்தையும், டிஜிசிஏ நடவடிக்கை எடுக்கக் கோரி டெல்லி உயர் நீதிமன்றத்தையும் அணுகியது. வேலை ஒப்பந்தத்தில் தலையிட இயலாது என்பது டிஜிசிஏ தரப்பின் வாதமாக இருந்தது. 43 பேர் விலகியதே அந்நிறுவனத்தை உலுக்கியது என்றால், நான்கைந்து விமானங்கள் மட்டுமே கொண்ட ஒரு பிராந்திய நிறுவனத்துக்கு நான்கு கேப்டன்களின் விலகலே ஒரு விமானத்தைத் தரையில் நிறுத்திவிடப் போதுமானது. பயிற்சி அளிப்பது சிறியவர், பயன்பெறுவது பெரியவர் என்ற மனக்குறை அந்நிறுவனங்களுக்கு நெடுநாளாக உண்டு. விந்தை என்னவெனில், இந்தியாவும் இதே மனக்குறையை வெளிநாட்டு நிறுவனங்கள் மீது கொண்டிருக்கிறது. பயிற்சி பெற்ற பணியாளர்களைப் பிற நாட்டு நிறுவனங்கள் ஈர்த்துக்கொள்வதற்கு நடத்தை விதிகள் வேண்டும் என்று 2025இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் அது கோரிக்கை வைத்தது.

நடுவில் ஒரு வழி

இவ்விரு பாதைகளுக்கும் இடையே பெங்களூருவில் மூன்றாவது ஒன்று உள்ளது. அதுதான் அதிகம் பேசப்படுவதில்லை. இந்தியாவில் ஏடிஆர் விமானங்களை அதிக எண்ணிக்கையில் இயக்குவது எந்தப் பிராந்திய நிறுவனமும் அல்ல, இண்டிகோதான். 2017 டிசம்பரில் ஏடிஆர் சேவையைத் தொடங்கிய அந்நிறுவனத்திடம் இன்று அவ்வகை விமானங்கள் 40க்கும் மேல் உள்ளன. அதில் சேரும் துணை விமானிக்குப் பிராந்தியப் பணியின் அனுபவமும் தரையிறக்கங்களும் கிடைக்கின்றன. பின்னர் ஏர்பஸ்ஸுக்கு மாறும் வாய்ப்பு வந்தால், நிறுவனத்தை விட்டு விலக வேண்டியதில்லை என்பதால் அறிவிப்புக் காலமும் புதிய மூப்பு வரிசையும் தொல்லை தருவதில்லை. அமெரிக்கர்கள் இரு நிறுவனங்களுக்கு இடையே ஒப்பந்தம் போட்டு அமைத்த ஏணி, இங்கு ஒரே நிறுவனத்தின் கூரைக்குள் இருக்கிறது எனலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: எந்த விமானத்துக்கு எப்போது அனுப்புவது என்பதை நிறுவனமே முடிவு செய்யும்.

தனித்த பிராந்திய நிறுவனங்களில், அரசுக்குச் சொந்தமான அலையன்ஸ் ஏர், ஏர் இந்தியா டாடா குழுமத்திடம் சென்றபின் 2022 ஏப்ரல் முதல் தனித்து இயங்குகிறது. கோவாவைத் தளமாகக் கொண்ட ஃப்ளை91, 2024 மார்ச்சில் ஏடிஆர் விமானங்களுடன் தொடங்கியபோது முதலில் இணைத்த நகரங்களில் பெங்களூருவும் ஒன்று. இவற்றில் சேர அழைப்பு வரும்போது நேர்காணல் அறையில் கேட்க வேண்டியவை சில உள்ளன. அடுத்த மூன்று ஆண்டுகளில் உறுதியாக வரவிருக்கும் விமானங்கள் எத்தனை, அவை குத்தகையா சொந்தமா. பறக்கும் வழித்தடங்களில் எத்தனை மானியத்தை நம்பியவை, அம்மானியம் எப்போது முடிகிறது. கேப்டன்களில் எத்தனை பேர் தற்காலிக அனுமதியில் பணிபுரியும் வெளிநாட்டவர். கடைசிக் கேள்விக்குச் 'சிலர்' என்று பதில் வந்தால் அது நல்ல செய்திதான்: அவர்கள் திரும்பிச் செல்லும் நாளில் அந்த இடது இருக்கைகள் காலியாகும்.